வருகை தராதோர் பட்டியல்

நாற்பத்தொரு பேர் வரவில்லை என்று கையெழுத்துப் போட்டேன். நாற்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். நடந்த தப்பு இவ்வளவுதான்.

உங்கள் ஆபீஸுக்கு எந்த முன்பதிவு மென்பொருள் வாங்கலாம் என்று கேட்க மூன்று மாவட்டம் தாண்டி வந்திருக்கிறீர்கள். நான் பெயரைச் சொன்னால் எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பு. நடக்காது, தம்பி. உட்காருங்கள். அது வேண்டாம், கால் ஆடும். இந்த நாற்காலி.

நான் அங்கே கண்காணிப்பாளர். சூப்பிரண்டு என்றால்தான் ஜனங்களுக்குப் புரியும். முப்பத்தொரு வருட சர்வீஸ். என் பெயரில் ஒரு ஆடிட் ஆட்சேபம் கிடையாது. போன ஆகஸ்ட் கடைசியில் ஓய்வு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபம் கிடையாது என்பதை.

மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் எங்களுக்குப் புதன்கிழமைதான் வாரம். மற்ற நாளெல்லாம் அதற்குத் தயாரிப்பு. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று டாக்டர்கள் வருவார்கள். கை காலுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், காதுக்கு ஒருவர். பார்த்து, சதவீதம் போட்டு, கையெழுத்திடுவார்கள். அந்தச் சான்று இருந்தால்தான் உதவித்தொகை, பஸ் பாஸ், காலேஜில் இடம், எல்லாம். ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கலாம். இருநூறு பேர் வருவார்கள். விடியும்போதே செருப்பையும் பையையும் வரிசையில் போட்டு வைத்திருப்பார்கள். ஊன்றுகோலை வரிசையில் போட்டுவிட்டு, டீக்கடைக்குப் போக முடியாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரும் உண்டு. சிரிக்காதீர்கள்.

இடம் பிடித்துக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். தரகர்கள். ஒருத்தன் அண்ணனுக்குப் பதிலாகத் தம்பியின் காதைக் காட்டிச் சான்று வாங்கிக் கொடுத்துவிட்டான். தம்பிக்கு நிஜமாகவே காது கேட்காது. அண்ணனுக்கு ஊர் வம்பு முழுக்கக் கேட்கும். அந்த ஃபைலில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் ஒன்று தீர்மானித்துக்கொண்டேன். இனி யார் வந்தார், யார் வரவில்லை என்பதை மனுஷன் வாய்க்கு விடக் கூடாது. மெஷின் சொல்ல வேண்டும்.

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஆன்லைன் முன்பதிவு. சோதனை முறையில். மென்பொருளை அந்தந்த அலுவலகமே குழு போட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். குழுவில் மூன்று பேர். மாவட்ட அலுவலர் வசுமதி மேடம், கலெக்டர் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர், நான். அவர் இரண்டு கூட்டத்துக்கு வந்து பிஸ்கட் சாப்பிட்டார். மேடத்துக்கு ஆய்வுக் கூட்டம் ஓயாது. ஆக, குழு என்றால் நான்.

அறுபத்திரண்டு நிபந்தனை எழுதினேன். என் கையாலே. இருபத்து மூன்றாவது நிபந்தனை, விண்ணப்பதாரர் வந்தவுடன் அவர் பதிவு செய்த செல்பேசிக்கு ஓ.டி.பி. போக வேண்டும், அதைக் கவுன்ட்டரில் சொன்னால்தான் வருகை. இருபத்து நான்கு, குறித்த நேரத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். இருபத்தைந்து, சொல்லாதவர் வராதவர். வராதவர் தொண்ணூறு நாள் மறுபடி பதிவு செய்ய முடியாது. இருபத்தாறு, ஒரே எண்ணில் மூன்று பேருக்கு மேல் வந்தால் தரகர் சந்தேகப் பட்டியலில் அந்த எண் தானாக ஏற வேண்டும். படித்துப் பாருங்கள், ஓட்டை இருக்கிறதா? கிடையாது.

மூன்று கம்பெனி வந்தது. முதல் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா. வந்ததும் வராததுமாக, “சார், ஒரு புதன்கிழமை முழுக்க உங்க ஆபீஸ்ல ஓரமா உட்கார்ந்து பார்த்துக்கிறேன். அப்புறம்தான் என்ன செய்யலாம்னு சொல்ல முடியும்” என்றது. ஆபீஸ் என்ன கண்காட்சியா? வெளியாள் உட்கார டெண்டரில் இடமில்லை என்றேன். அவர்கள் விண்ணப்பத்தில் பதினேழாம் பக்கத்தில் முத்திரையும் இல்லை. தள்ளிவிட்டேன். இரண்டாவது கம்பெனி விலை அதிகம். மூன்றாவது கம்பெனி அறுபத்திரண்டுக்கும் ‘ஆம், ஆம், ஆம்’ என்று எழுதியிருந்தது. அவர்களைச் செய்து காட்டச் சொன்னோம்.

வியாழக்கிழமை வைத்தோம். புதன்கிழமை வைத்தால் கூட்டம் இடைஞ்சல்.

ஆபீஸில் ஐந்து பேர் விண்ணப்பதாரர் மாதிரி நடித்தார்கள். ஜீப் டிரைவர் கூட நடித்தார், கையை மடக்கி வைத்துக்கொண்டு. மேஜைமேல் ஐந்து போன் வரிசையாக. டிங், டிங் என்று ஓ.டி.பி. வந்தது. எண்ணைச் சொன்னார்கள். திரையில் பச்சை. ஐந்து பேரும் ஐந்து நொடியில் பச்சை. முதலில் வந்தது எங்கள் கம்ப்யூட்டர் அம்மா போனுக்கு. “சார், நான்தான் ஃபர்ஸ்ட்” என்று அதற்கு ஒரு குஷி. எல்லோரும் கை தட்டினார்கள். போண்டா வரவழைத்தேன். மேடம் கேட்டார், “எல்லாம் சரியா?” ஆறு பேர் ஒரே குரலில், “சரி மேடம்.”

உள்ளே இருந்து என்னவோ சத்தம் கேட்டதே? என் வீட்டுக்காரி. ‘ஆரம்பிச்சாச்சா’ என்கிறாள். அவளுக்கு வேலை இல்லை. டீ வரும், குடியுங்கள்.

கம்ப்யூட்டர் அம்மா யார் என்று கேட்கிறீர்களா? பதினொரு மாத ஒப்பந்தப் பணியாளர். தகவல் பதிவு செய்கிற ஆள். நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து வயசிருக்கும். ஆபீஸ் முழுக்க ‘ஏம்மா கம்ப்யூட்டர்’ என்றால் அதுதான் திரும்பிப் பார்க்கும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். எட்டு வருஷமாக. வேலை சுத்தம். வாய் கொஞ்சம் நீளம்.

ஏப்ரல் முதல் புதன்கிழமை ஆரம்பித்தோம். வரிசை இல்லை. செருப்பு இல்லை. அறுபது பேருக்கு அறுபது நேரம். மேடம் போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? முப்பது வருஷத்தில் முதல் தடவை புதன்கிழமை மத்தியானம் சூடாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் மெஷின் ஒரு தாள் கொடுக்கும். ‘வருகை தராதோர் பட்டியல்’. அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வாரம் மூன்று பேர். அடுத்த வாரம் ஐந்து. போட்டேன். டாக்டரிடம் வர நேரம் கேட்டு வாங்கிவிட்டு வராமல் இருக்கிற ஜனங்களை என்ன சொல்ல?

மூன்றாவது வாரம் கம்ப்யூட்டர் அம்மா என் மேஜைக்கு வந்தது.

“சார், பட்டியல்ல இருக்கறவங்க வந்தாங்க.”

“எங்க வந்தாங்க?”

“கவுன்ட்டர்ல என் முன்னாடி நின்னாங்க சார். ஓ.டி.பி. சொல்ல முடியல. போன் அவங்ககிட்ட இல்ல. ஒருத்தருக்கு மகன்கிட்ட இருக்கு, திருப்பூர்ல. இன்னொருத்தர் பிரவுசிங் சென்டர்ல பதிஞ்சிருக்கார், கடைக்காரர் தன் நம்பரையே போட்டுட்டார்.”

“போன் இல்லாம ஏன் பதியணும்?”

“போன் இல்லாம பதிய முடியாது சார். அதான் யாரோ ஒருத்தர் போன்.”

“அது அவங்க பாடு. சிஸ்டத்துல வரலன்னா வரலதான்.”

“ஒரு நோட்டு போடலாம் சார், மேடத்துக்கு.”

நோட்டு என்றால் உங்களுக்குத் தெரியும். குறிப்பு. ஃபைலில் ஒரு விஷயம் எழுதி மேலே அனுப்புவது. “ஒப்பந்த ஆளு நோட்டு போட முடியாதும்மா” என்றேன்.

“நீங்க போடுங்க சார்.”

எப்படிப் போடுவது, தம்பி? நானே நிபந்தனை எழுதி, நானே தேர்ந்தெடுத்து, மூன்றாவது வாரம் நானே அது தப்பு என்று எழுதினால் ஆடிட்டில் என்னைத்தானே கேட்பான்? நீங்களாக இருந்தால் போடுவீர்களா? பதில் சொல்ல வேண்டாம். குடியுங்கள்.

மேடத்திடம் நேரில் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அது சொல்லத்தான் செய்தது. ஜீப் ஏறப்போகும்போது. மேடம், “சூப்பிரண்டு சார் மூலமா எழுத்துல அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுதான் முறை.

அதற்கப்புறம் அந்த அம்மா ஒரு நீள ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டது. வரவில்லை என்று திரையில் சிவப்பு விழுந்த ஆள் ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், வந்த நேரம், கைநாட்டு. முந்தின வாரங்களில் விழுந்தவர்களையும் தேடிப் பிடித்து வாங்கியது. “இது என்ன?” என்றேன். “சும்மா சார், என் திருப்திக்கு” என்றது. திருப்திக்கு ரிஜிஸ்டர் போடுகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே பதினைந்து. இதைக் கவனமாகக் கேளுங்கள்.

சிட்டம்மாள் என்று ஒரு பொம்பளை. ஆவாரங்காட்டுப்பட்டி. கூட மகள், ரூபிகா. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்நூறுக்கு மேல் மார்க். சிறுவயதில் வாங்கின சான்று பதினெட்டு வயசு வரைக்கும்தான் செல்லும். பதினெட்டு முடிந்துவிட்டது. அரசு கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் வேண்டுமானால் புதுச் சான்றை ஜூன் இருபத்தெட்டுக்குள் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண் பக்கத்து மில்லுக்குப் போகும். அவர்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அங்கேதான்.

பத்து நாற்பதுக்கு நேரம். ஒன்பதே காலுக்கே வந்து நிற்கிறார்கள். பத்து நாற்பதுக்கு ஓ.டி.பி. போகிறது. எங்கே? புருஷன் போனுக்கு. அந்த ஆள் போர் வண்டியில் வேலை. சத்தீஸ்கரில் எங்கேயோ காட்டில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறான். அந்தச் சத்தத்தில் போனாவது, மணியாவது. கம்ப்யூட்டர் அம்மா தன் போனிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டது. எடுக்கவில்லை. பத்து ஐம்பத்தைந்து. சிவப்பு.

என்னிடம் வந்தார்கள். நான் திரையைப் பார்த்தேன்.

“நீங்க வரலையேம்மா.”

“இந்தா நிக்கிறேன்ல சார்.”

“சிஸ்டத்துல வரல.”

“நான் வரலன்னா அப்ப இது யாரு சார்? எம்மகளும் வரலையா? காதுதான் கேக்காது சார் அவளுக்கு. ஆளு இருக்காள்ல.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆபீஸில் என்னை வைத்துச் சிரிப்பதா? “தொண்ணூறு நாள் கழிச்சுப் பதியுங்க. ஆகஸ்ட்ல வாங்க” என்றேன். அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ‘ஆகஸ்ட்’ என்பது புரிந்துவிட்டது. பையிலிருந்து பேப்பர் எடுத்து எழுதி நீட்டியது. ‘நாங்கள் 9.15க்கு வந்தோம். ஆகஸ்ட் என்றால் எனக்குக் கல்லூரி இல்லை.’ அச்சடித்த மாதிரி கையெழுத்து. “பேப்பரெல்லாம் செல்லாது, ஆன்லைன்தான்” என்றேன். காது கேட்காத பிள்ளையிடம் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

பன்னிரண்டு இருபதுக்கு அப்பன்காரன் கம்ப்யூட்டர் அம்மா போனுக்குக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் கேட்டது. “ஏழு, நாலு, ஒண்ணு, ஒண்ணு... எழுதிக்கிட்டியா? புள்ளைக்குக் கிடைச்சிருச்சா?” என்று கத்துகிறான். பின்னாலே மெஷின் சத்தம். சிட்டம்மாள் போனை அணைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

காது டாக்டர் பத்தடியில், அடுத்த அறையில்தான் இருந்தார். ஆளில்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஏன் அனுப்பவில்லை என்று கேட்காதீர்கள். பச்சை விழாமல் அவர் கம்ப்யூட்டரில் பெயரே திறக்காது. நான்தான் அப்படிக் கேட்டிருந்தேன். நாற்பதாவது நிபந்தனை.

சாயங்காலம் பட்டியல். அன்றைக்கு நாலு பேர். கையெழுத்துப் போட்டேன். ரூபிகா, வருகை தரவில்லை.

அடுத்த புதன்கிழமையிலிருந்து சிவப்பு விழவில்லை. ஒன்றுகூட இல்லை. பார்த்தீர்களா, ஜனங்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள், தொண்ணூறு நாள் பயம் வேலை செய்கிறது என்று மேடத்திடம் சொன்னேன். மேடமும் நன்று என்றார்.

ஜூன் பதினெட்டு. அந்த மாதத்துத் தரகர் சந்தேகப் பட்டியல் வந்தது. ஒரே ஒரு எண். அந்த ஒரே எண்ணில் பதினேழு பேர் வந்திருக்கிறார்கள். பிடித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷம். போன் போட்டேன். எதிர் அறையில் மணி அடித்தது.

கம்ப்யூட்டர் அம்மா.

கவுன்ட்டரில் எண் மாற்றுகிற வசதி இருக்கிறது. போன் இல்லாமல் வருகிற ஆளுக்கு, நேரம் முடிகிறதற்குள் எண்ணைத் தன் எண்ணாக மாற்றி, ஓ.டி.பி.யைத் தன் போனில் வாங்கி, தானே அடித்துப் பச்சை போட்டிருக்கிறது. மறைக்கக்கூட இல்லை. இன்னொரு எண் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. எட்டு வருஷம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த ஆளுக்கு அது தெரியாதா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மெமோ கொடுப்பதென்று முடிவு செய்தேன். ஆபீஸில் டைப் அடிக்க அது ஒன்றுதான் ஆள். கூப்பிட்டேன். “எழுதிக்கோம்மா” என்றேன். உட்கார்ந்தது. நான் சொல்லச் சொல்ல அடித்தது. தன் பேரில் மெமோ.

“‘இடைத்தரகராகச் செயல்பட்டதாகத் தெரியவருகிறது’ன்னு போடு.”

“தெரியவருகிறதா, சந்தேகிக்கப்படுகிறதா சார்?”

“தெரியவருகிறது.”

“சரி சார். விளக்கம் எத்தனை நாளுக்குள்ள?”

“ஏழு நாள். அதான் வழக்கம்.”

“மூணு நாள் போடுங்க சார்.”

திமிரைப் பாருங்கள். மூன்று நாளில் எழுதிக் கிழித்துவிடுமாம். “அப்ப மூணே போடு” என்றேன்.

“நகல் யாருக்கு சார்?”

“மாவட்ட அலுவலருக்கு.”

“மேடத்துக்கு இன்னிக்கே தபால்ல வெச்சிடறேன் சார்.”

அச்செடுத்து, என் கையெழுத்து வாங்கி, அதுவே பெற்றுக்கொண்டதாகவும் கையெழுத்துப் போட்டு, நகலைத் தபாலில் சேர்த்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனது. முகத்தில் ஒரு கவலை இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். பெண்கள் அழுவார்கள், ஆண்கள் லீவு போடுவார்கள். இது, “வர்றேன் சார், நாளைக்குப் பார்க்கலாம்” என்றது.

இருபதாம் தேதி விளக்கம் வந்தது. ஒரு பக்கம். அதோடு அந்த நீள ரிஜிஸ்டர்.

எனக்கு மனப்பாடம். கேளுங்கள். ஒன்று, பதினேழு பேருக்கு என் எண்ணைக் கொடுத்தது உண்மை. இரண்டு, ஒருவரிடமும் ஒன்றும் பெறவில்லை, அவர்கள் முகவரி இணைக்கப்பட்டுள்ளது, விசாரிக்கலாம். மூன்று, அதற்கு முன் நாற்பத்தொரு பேருக்கு அப்படிக் கொடுக்காமல் விட்டது என் தவறு. நான்கு, அந்த நாற்பத்தொரு பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள், கைநாட்டும் வந்த நேரமும் இணைப்பில் உள்ளன. ஐந்து, அதே நாற்பத்தொரு பேரும் வரவில்லை என்று கண்காணிப்பாளர் அவர்கள் கையொப்பமிட்டுள்ளார். ஆறு, எது உண்மை என்று தெரிவிக்கும்படியும், அவர்களில் ரூபிகா என்ற மாணவிக்கு ஜூன் 28 கடைசி நாள் என்பதால் அதற்குள் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். கீழே கையெழுத்து.

தம்பி, உங்களுக்குச் சர்வீஸ் குறைவு. ஒன்று புரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்த ஆள் நோட்டு போட முடியாது. போட்டாலும் குப்பைக் கூடை. ஆனால் மெமோவுக்கு வந்த விளக்கத்தை யாரும் தொட முடியாது. அதற்கு எண் போட வேண்டும், ஃபைலில் சேர்க்க வேண்டும், மேலே வைத்தே ஆக வேண்டும். நகல் போன மேடம், விளக்கம் எங்கே என்று கேட்டே தீருவார். மேடத்திடம் சொல்ல அந்த அம்மாவுக்கு ஒரு வழியும் இல்லாமல் இருந்தது. நான் மெமோ கொடுத்தேன். வழி உண்டாகிவிட்டது. வேண்டுமென்றே மெமோ வாங்கியதா? அது எனக்குத் தெரியாது. அப்படியெல்லாம் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஒரு நாள் அது என் மேஜையில் இருந்தது. ஒரே ஒரு நாள். இருபத்தெட்டு தாண்டட்டும், சூடு ஆறினபின் வைக்கலாம் என்று நினைத்தேனா? நினைத்திருக்கலாம். மறுநாள் சாயங்காலம் அந்த அம்மா வந்து நின்றது.

“சார், என் விளக்கத்துக்குத் தபால் எண் என்ன?”

அதைக் கேட்க அதற்கு உரிமை உண்டு. எண் போட்டேன். மேலே வைத்தேன்.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டார். மேஜையில் இந்தப் பக்கம் ரிஜிஸ்டர், அந்தப் பக்கம் என் பட்டியல்கள். மேடம் என்னைவிடப் பதினாறு வயசு சின்னவர். அதுவரைக்கும் என்னை நிற்க வைத்துப் பேசினதில்லை. அன்றைக்கு உட்காரச் சொல்லவில்லை.

“சூப்பிரண்டு சார், இதுல ஒண்ணு பொய். எது?”

“சிஸ்டம், மேடம்.”

“சிஸ்டம் கையெழுத்து போடுமா?”

மேஜையில் கிடந்த என் கையெழுத்தைப் பார்த்தபடி நின்றேன்.

“நாற்பத்தொரு பேர்ல ஒருத்தரையாவது நீங்க கண்ணால பார்த்தீங்களா?”

“பார்த்தேன் மேடம்.”

“பார்த்துட்டுமா?”

மின்விசிறியைப் பார்த்தேன். பச்சை பெயின்ட் அடித்த மின்விசிறி. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றைக்கே உத்தரவு. நாற்பத்தொரு பேருடைய தடையையும் நீக்க வேண்டும். வருகையைக் கவுன்ட்டரில் ஆளைப் பார்த்துப் பதிய வேண்டும், கைநாட்டு போதும். இருபத்து மூன்றிலிருந்து இருபத்தாறு வரை நிபந்தனைகள் ரத்து. கம்பெனிக்காரனைக் கூப்பிட்டால் அவன் சொல்கிறான், “இது ஏற்கெனவே இருக்கு சார். நீங்க ஓ.டி.பி. கேட்டதால மூடி வெச்சிருந்தோம். ஒரு டிக்கை எடுக்கணும், அவ்வளவுதான்.” பத்து நிமிஷம். மூன்று மாசமாக அங்கேயே இருந்திருக்கிறது.

நாற்பத்தொரு பேருக்கும் போன் போட்டது கம்ப்யூட்டர் அம்மா. போன் இல்லாதவர்களுக்கு ஊராட்சி ஆபீஸ், ரேஷன் கடை என்று பிடித்துத் தகவல் சொன்னது. இருபத்தாறாம் தேதி புதன்கிழமை டாக்டர்கள் மாலை ஆறு மணிவரை உட்கார்ந்தார்கள். முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவர் இறந்துபோயிருந்தார். வயசானவர். சான்று கிடைக்காததால் சாகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாராவது மாற்றிச் சொல்வார்கள்.

ரூபிகாவுக்குக் கிடைத்தது. எங்கள் ஆபீஸிலிருந்தே ஏற்றிவிட்டார்கள். இடமும் கிடைத்தது, பி.காம். சிட்டம்மாள் எல்லோருக்கும் கும்பிடு போட்டது. வாட்ச்மேனுக்குக்கூட. என் மேஜையைத் தாண்டும்போது ஃபேனைப் பார்த்துக்கொண்டு போனது. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

இப்போது டீ ஆறிவிட்டது. சரி, விடுங்கள்.

ஜூலையில் மேடத்துக்கு மாறுதல். அந்த மாசம் முப்பத்தொன்றாம் தேதி கம்ப்யூட்டர் அம்மா ஒப்பந்தம் முடிகிறது. வருஷா வருஷம் முடியும், வருஷா வருஷம் புதுப்பிப்போம். அதற்கு ஒரு படிவம். ஒன்பதாவது கலம், ‘மெமோ ஏதும் பெற்றுள்ளாரா?’ நான் உண்மையை எழுதினேன். ‘ஆம்.’ அவ்வளவுதான் எழுதினேன். புது அதிகாரி படித்தார், புதுப்பிக்க வேண்டாம் என்று சுழித்தார்.

விளக்கம் ஏற்கப்பட்டது, மெமோ கைவிடப்பட்டது என்று ஓர் ஆணை போட்டிருந்தால் ‘இல்லை’ என்று எழுதியிருக்கலாம். மேடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போனார். அதை நான் எழுதி வைத்துக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நான்கு வரி. என் ஓய்வூதிய ஃபைல், சேவைப் பதிவேடு சரிபார்ப்பு, ஆயிரம் வேலை. நாள் கிடைக்கவில்லை. அந்த அம்மா கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன். கேட்டிருக்கலாமே? எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது, இதற்கு மட்டும் கேட்கவில்லை. கடைசி நாள் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, “பாஸ்வேர்டு டிராயர்ல எழுதி வெச்சிருக்கேன் சார்” என்றது. போய்விட்டது.

பதினைந்து நாள் கழித்து, சுதந்திர தினத்தன்று, கலெக்டர் கையால் எனக்கு நற்சான்றிதழ். ‘மக்கள் நலன் கருதிச் சிறந்த முன்பதிவு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து மாநிலத்துக்கே முன்மாதிரி’ என்று எழுதியிருக்கிறது. சுவரில் தேடாதீர்கள். பீரோவில் இருக்கிறது. அதைப் பேப்பரில் பார்த்துத்தானே என்னைத் தேடி வந்தீர்கள்? ஐந்து பேர் வந்துவிட்டார்கள் இதுவரைக்கும். எல்லோருக்கும் கம்பெனி பெயரைச் சொல்லி அனுப்பினேன். சொன்னால் போய்விடுகிறார்கள்.

உங்களுக்கு என்ன கணக்கோ, முழுதாகச் சொல்லிவிட்டேன். நோட்டை எடுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒரே டிக்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கினீர்களே, அதற்கு நேர் எதிரே மருந்துக் கடை, அதன் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. புதன்கிழமையானால் எங்கள் ஆபீஸ் வாசலில் இருக்கிற கூட்டம் இப்போது அங்கேதான் முதலில் போகிறது. உங்கள் நிபந்தனைகளை அங்கே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். திட்டு வாங்குவீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரைக் கேட்பது என்றா? நானும் அந்தப் பெயரை முதலில் கவனித்தது மெமோவில்தான். பெறுநர் என்ற இடத்தில் அதுவே அடித்துக்கொண்டது, என்னைக் கேட்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். நான் பாழாக்கினதைச் சரிசெய்த ஆள்.

கா. சகர்பானு.